ஒன்றரைக் கண் முகமூடி

நம் ஊர் ஓய்வுபெற்ற தொழிலாளர் சங்க ஆண்டு மலரில் நீ எழுதியிருப்பது பொய். பட்டறைப் பலகையில் ஒட்டிய அந்தச் சீட்டை நான் எழுதவில்லை. நீ எழுதினாய். எழுதியதோடு விடாமல், "எழுதிய நண்பர் பிறகு பயந்து மறுத்துவிட்டார்" என்று இப்போது அச்சிலும் ஏற்றியிருக்கிறாய். பெயர் போடாமல் விட்டது ஒன்றும் பெரிய தயவு இல்லை. அந்த நண்பர் யார் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நானும் யார் பெயரையும் போடவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். காக்களூர் ஏரிப் பக்கம் ஒரு தகர ஷெட்டில் நாம் இருபது பேர் போல வேலை செய்தோம். மூன்று பவர் பிரஸ். டப்பா மூடி, வாளிக் காது, டிரங்குப் பெட்டிக்குக் கீல், யார் எதைக் கேட்டாலும் தகட்டை அடித்துக் கொடுப்போம். ஒரு பிரஸ்ஸில் நான், பக்கத்தில் நீ. மூன்றாவதில் நம்மைவிட மூத்தவர் ஒருவர். அண்ணாத்தே என்று கூப்பிடுவோம். மெஷின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. நாஷ்டாவுக்கு விடும் கால் மணி நேரத்தில்தான் வாய் திறப்போம்.

அந்தக் கால் மணி நேரத்தில் முகமூடி வருவான்.

ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர் படக்கதை அது. வாரம் இரண்டு பக்கம். ஒரு துறைமுக ஊர், அங்கே ஒரு கலங்கரை விளக்கம், அதில் கண்ணாடி துடைக்கும் ஓர் ஊமை ஆள். ஊரில் யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன்தான் முகமூடி என்பது படிக்கிற நமக்குத் தெரியும். கதைக்குள் ஒரு படகுக்காரிக்கு மட்டும் தெரியும். முகமூடியைப் போட்டால் அவன் பேசுவான், கழற்றினால் ஊமை. அது எப்படி முடியும் என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை.

"எங்க பெரிய மாமா மாறியே கீறாம்பா இவன்" என்று நீதான் சொன்னாய். "ஊட்ல ஊமை, சாராயக் கடைல வக்கீலு."

சிரித்ததில் அண்ணாத்தேவுக்குப் புரையேறியது.

பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்க எனக்கு வக்கில்லை. பஜார் தெருவில் எனக்குப் பழக்கமான சவரக் கடையில் போன வார இதழைக் கொடுப்பார்கள். ஆனால் முழுசாகக் கிடைக்காது. கத்தியில் ஒட்டும் சோப்பு நுரையைத் துடைக்கக் கடைக்காரர் பழைய பத்திரிகையின் ஓரத்தை நீளமாகக் கிழித்துக்கொள்வார். அதனால் நம் கைக்கு வரும் பக்கத்தில் வலது ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு இருக்காது. ஓரத்தில் நிற்கிற ஆளுக்குக் கை இருக்காது, குதிரைக்கு வால் இருக்காது. வசனம் பாதியில் அறுந்தால் மீதியை நானே இட்டுக்கட்டிப் படிப்பேன்.

"டேய், அது புத்தகத்துல கீதா, உன் வாய்ல கீதா?" என்பார் அண்ணாத்தே.

"கேளு அண்ணாத்தே, உனுக்குக் கதை வேணுமா, கணக்கு வேணுமா?"

ஒரு வாரம் வந்த பகுதியை மட்டும் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். முகமூடி என்று நினைத்து ஒரு மீனவனைப் பிடித்துவிடுகிறார்கள். படகுக்காரிக்கு உண்மை தெரியும், சொல்லவில்லை. விசாரணை நடக்கும் முற்றத்துக்கு முகமூடியே நடந்து வருகிறான். "அவனை விடுங்கள், நான் இங்கே இருக்கிறேன்" என்கிறான். அதை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னாய். கையில் இட்லியை வைத்துக்கொண்டு, "அவன் மனுசன்டா" என்றாய். உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து அண்ணாத்தேவின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

பிரஸ் இறங்கும்போது கை உள்ளே போகாமல் தடுக்க ஓர் இரும்புக் கூண்டு உண்டு. கார்டு என்போம். கார்டு இருந்தால் வேலை மெதுவாகும். மூன்று பிரஸ்ஸிலும் அதைக் கழற்றச் சொன்னது ஃபோர்மேன். அண்ணாத்தே தயங்கினார். "எல்லாம் பாத்து அடி, ஒண்ணும் ஆவாது" என்றான். கழற்றியபோது நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். விரல் போன பிறகு, தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஃபோர்மேன் அறிக்கை எழுதினான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. என் தப்பு இது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு உரிமை இல்லை.

அந்தச் சனிக்கிழமை நீ என்னிடம் பத்திரிகையைக் கேட்டாய். "ஊட்ல காட்டிட்டு திங்கக்கெயம தரேன் நைனா." கொடுத்தேன். அந்த இதழில் முகமூடியின் முகம் அரைப் பக்கத்துக்குப் பெரிதாக இருந்தது. வழக்கம்போல ஓரம் கிழிந்திருந்ததால் நம் பிரதியில் இடப் பக்கக் கண் முழுசு, வலப் பக்கக் கண் பாதி. திங்களன்று திருப்பிக் கொடுத்தாய். நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் சாப்பாட்டுப் பையில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பலகையில் சீட்டு இருந்தது. "கார்டைக் கழற்றச் சொன்னது ஃபோர்மேன். கவனக்குறைவு என்று எழுதிய அறிக்கை பொய்." எல்லாம் கையெழுத்து தெரியாதபடி ஸ்கேல் வைத்து இழுத்த கட்டை எழுத்து. கீழே கையெழுத்துக்குப் பதில் முகமூடி. ஒன்றரைக் கண்.

இரண்டு முறை படித்தேன். இரண்டே வரி, ஒரு சொல் கூடுதல் இல்லை. நான் எழுதியிருக்க வேண்டியது அது.

ஃபோர்மேன் மெஷின்களை நிறுத்தச் சொன்னான். எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் பைகளைக் கொட்டினான். என் பையிலிருந்து பத்திரிகை விழுந்தது. அந்தப் பக்கத்தைப் பிரித்து, சீட்டை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தான். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது. அப்போதுதான் நானும் பக்கத்தைப் பார்த்தேன். முகமூடியைச் சுற்றி ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அடியில் கார்பன் தாள் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி இழுத்த தடம். உனக்குப் படம் வராது. கிழிந்த ஓரம் வரை அப்படியே இழுத்திருந்தாய், மீதிக் கண்ணைப் போடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"இன்னாடா, பொம்ம போட்டு வுடுறியா? கொயந்தையா நீ?"

"நான் எய்தல சார்."

"பொஸ்தகம் உன்துதான?"

"என்துதான்."

"அப்போ யார் எய்துனது?"

உன்னைப் பார்த்தேன். கையில் மெஷின் துடைக்கும் பஞ்சு வேஸ்ட்டை வைத்துக்கொண்டு விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாய். அந்த விரல்களில் அழுக்கே இல்லை.

நான் சொல்லவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்கவேண்டாம். நான் அந்தக் கதையை நம்பினேன், அவ்வளவுதான். "அவனை விடுங்கள், நான் இங்கே இருக்கிறேன்" என்று நீ ஒரு அடி முன்னால் வருவாய் என்று நினைத்தேன். படகுக்காரி செய்ததை நான் செய்தேன். மீதியைச் செய்ய வேண்டியவன் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன். வெள்ளியன்று சாயங்காலம் என் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரமே மூன்று பிரஸ்ஸிலும் கார்டு ஏறியது. அது உன் சீட்டு செய்த வேலை. அந்தப் பெருமை முழுக்க உன்னுடையது. எனக்கு அதில் பங்கு வேண்டாம்.

வேலை போனதுகூட எனக்குப் பெரிய விஷயம் இல்லை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன், சாப்பிட்டேன். என்னை அறுத்தது வேறு. அண்ணாத்தே கையில் கட்டோடு என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த காப்பியை இடது கையால் வாங்கி, தடுமாறிக் குடித்தார்.

"நைனா, எனக்கோசரம் ஒருத்தன் எய்துனான்னு கேட்டப்போ நெஞ்சு நெறஞ்சுது. ஆனா மூஞ்சிக்கு நேரா கேட்டதும் இல்லன்னுட்டியே. அத்த மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்."

"நான் எய்தல அண்ணாத்தே."

"சரி வுடு" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அந்த "சரி வுடு" இன்னும் என் காதில் இருக்கிறது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பிறகு உன்னைத் தேடினேன். ஓர் அமாவாசையன்று கோயில் குளத்தங்கரையில் பிடித்தேன். கூட்டத்தோடு கூட்டமாக நீ வேண்டுதலுக்காகக் குளத்தில் வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தாய். அண்ணாத்தேவிடம் மட்டுமாவது சொல், ஃபோர்மேனிடம் சொல்லவேண்டாம் என்றேன்.

"பேஜாரு பண்ணாத நைனா" என்றாய். "தங்கச்சி கல்யாணம் வெச்சுகினு கீறேன். அது முடியட்டும். நானே போயி சொல்றேன், சத்தியமா."

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாய். வந்தேன். பந்தியில் நீயே எனக்குப் பாயசம் ஊற்றினாய். நன்றாகத்தான் இருந்தது. கை கழுவும்போது பார்த்தேன், என் கண்ணைப் பார்க்காமல் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாய். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பஸ்ஸில் போய்வர மிச்சப் பொழுது செத்துவிடும். இருந்தாலும் என்னைத் தெரிந்தவர் இல்லாத இடம் என்று சந்தோஷப்பட்டேன். முதல் வாரமே நம் பழைய ஷெட் ஆள் ஒருவன் வந்து சேர்ந்தான். சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்த்ததும், "அடடே, ஒன்ற கண்ணு இங்க கீறாம்பா!" என்று கத்தினான். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. புது ஆட்கள் விவரம் கேட்டார்கள். அவன் சொன்னான்: முகமூடி போட்டால் வீரம், முகமூடி கழண்டால் பயம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேலையிலிருந்து நிற்கிறவரை அங்கே எனக்கு அதுதான் பெயர்.

சவரக் கடைக்கு நான் போவதை நிறுத்தியிருந்தேன். முகமூடியின் கதை எப்படி முடிந்தது, ஊர் அவன் முகத்தைப் பார்த்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

ஒன்று சொல்கிறேன். நீ பயந்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கார்டு கழற்றியபோது நானும்தான் பயந்தேன். முகம் காட்டாமல் எழுதியதும் குற்றமில்லை, அப்படி எழுதியதால்தான் இன்னொருவன் விரல் போகாமல் இருந்தது. அத்தனை வருஷம் நீ சும்மா இருந்தாய், நானும் சும்மா இருந்தேன். நீ பாட்டுக்கு இருந்திருந்தால் நான் இதை எழுதாமலே போயிருப்பேன். ஆனால் நீ இப்போது உன் முகமூடியைக் கழற்றாமலே அதை என் முகத்தில் ஒட்டி, மலரில் அச்சடித்துவிட்டாய். அதை அண்ணாத்தேவுக்குப் பேரன் படித்துக் காட்டியிருக்கிறான். "ஆமா, அவன் பயந்துட்டான், பாவம்" என்றாராம். பேரனே வந்து என்னிடம் சொன்னான்.

அண்ணாத்தேவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறார். முதல் வரிசையில், மைக்குக்கு எதிரே, மூன்று விரல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். நீ சங்கத்தின் தலைவன். மேடையில் உனக்கு நாற்காலி உண்டு, முதலில் பேசுவதும் நீதான்.

இந்த முறை வரவேற்புரை வேண்டாம். எழுந்து நில். அண்ணாத்தே முகத்தைப் பார். அந்தச் சீட்டை எழுதியது யார் என்று மைக்கில் சொல். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பதில் சொல்.