ஆறு பொதி வெள்ளைத் துணி

புதுத் துணிக்கு ஒரு வாசம் உண்டு. கஞ்சியும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி ஒரு வாசம், மூக்குக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டால் லேசில் போகாது. கண்ணாடியை ஏற்றிவிட்ட வேனுக்குள், வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டில், ஆறு பொதி புதுத் துணியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி. பத்து வயதில் பதுளையிலிருந்து மஹியங்கனைக்கு நான் அப்படித்தான் போனேன், வாந்தியை அடக்கிக்கொண்டு, அம்மாவின் மடியைப் பிடித்துக்கொண்டு. அதற்கு உல்லாசப் பயணம் என்று பேர் வேறு!

பதுளைக் கடைவீதியில் அப்பாவுக்குப் புடவைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அந்த வீதி வியாபாரிகள் எல்லோருக்கும் பொதுவாக எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: "வண்டி சும்மா போகக் கூடாது." பண்டாரவளையில் கல்யாணம் என்றால் போகிற வழியில் யாருக்காவது இறக்கிக் கொடுக்க இரண்டு கட்டு சேலை வண்டியில் ஏறும். அப்புத்தளையில் பிள்ளை பிறந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் துவாய் கட்டு ஒன்று கூடவே வரும். ஒருமுறை எழவு வீட்டுக்குப் போகும்போது நாலு டசின் வேட்டியை ஏற்றிவிட்டார் அப்பா, கேட்டால் "அங்க தேவைப்படும்ல?" என்கிறார். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே தேவைப்பட்டது. அதிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அம்மா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். மலையிலிருந்து பீலி வழியாகக் கொட்டும் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள், கல்யாணமாகி வந்து கடைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டாள். நகை கேட்டவளில்லை, சேலை கேட்டவளில்லை (புடவைக் கடைக்காரன் பெண்டாட்டிக்குச் சேலை எதற்கு?). அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு நாளு கடைய மறந்துட்டு எங்கூட மகாவலிக் கரையில வந்து உக்காருங்க. ஒரே ஒரு நாளு." அப்பாவும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சித்திரை வருஷம் கழியட்டும் என்பார், அது கழிந்தால் தீபாவளி முடியட்டும் என்பார், தீபாவளி முடிந்தால் ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும் சீருடைக் காலம் வந்து நிற்கும்.

அந்த வருஷம் அம்மா நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா பயந்து போனார். கட்டில் ஓரமாக நின்றுகொண்டு அவராகவே வாக்குக் கொடுத்தார். "நீ எந்திரிச்சு வா, மஹியங்கனைக்குப் போவோம். ரெண்டு நாளு, கடைப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டேன்." மஹியங்கனை மகாவலிக் கரையில்தான் இருக்கிறது. அம்மா அதை நம்பினாள், நானும் நம்பினேன்.

ஞாயிறும், திங்கட்கிழமை போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் சேர்ந்து வந்த ஒரு வார இறுதியைப் பார்த்து நாள் குறித்தார்கள். முதல் நாளே அம்மா கடைக்குள் வந்து, ஒரு வாடிக்கையாளர் மாதிரி முன்பக்கம் நின்று, ஆற்றில் குளிப்பதற்கு எனக்கும் தனக்கும் பூப்போட்ட சீத்தைத் துணியும் அப்பாவுக்குக் கட்டம் போட்ட சாரமும் எடுத்தாள். அவள் முகத்தில் அத்தனை சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. விடியற்காலையில் எழுந்து புளிச்சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வதக்கி, வடை சுட்டு, தூக்குச் சட்டியில் அடுக்கி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், வேனின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஆறு பொதி வெள்ளைத் துணி ஏறியிருக்கிறது.

போயாவுக்குச் சிங்களச் சனங்கள் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போவார்கள், மஹியங்கனையிலோ பெரிய விகாரை. அப்பாவின் கணக்கு அவ்வளவுதான். "அங்க தெரிஞ்ச கடை ஒன்னு இருக்கு, எறக்கிப் போட்டுட்டு வந்துருவேன். பத்து நிமிசம்," என்றார். அம்மா படியிலேயே நின்றாள்.

"ஏங்க, நல்ல நாளும் அதுவுமா வெள்ளைத் துணி மேலயா உக்காந்து போறது?"

"அட, துணிதானே! ஏறு, நேரமாகுது," என்று சிரித்தார் அப்பா. வேன் ஓட்டும் சலீம் நானா கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா ஏறினாள்.

கீழே இறங்க இறங்கக் குளிர் விட்டு வெக்கை அடித்தது. மஹியங்கனை அப்போது சின்ன ஊர், ஒரு கடைத்தெருவும் விகாரையும் பாலமும் ஆறும்தான். ஆனால் அந்த ஆறு! பதுளையில் ஓடுவதையும் ஆறு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், இதைப் பார்த்த பிறகு அதை அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கரையில் பெரிய மருத மரத்தடியில் எங்களை இறக்கிவிட்டு, பாயையும் சாப்பாட்டையும் எடுத்து வைத்துவிட்டு, "பத்து நிமிசம்" என்று அப்பா இன்னொரு தடவை சொல்லிப் போனார். மணி பத்தரை இருக்கும்.

குளிக்கலாமா என்று நான் துள்ளினேன். "அப்பா வரட்டும்," என்றாள் அம்மா. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள், தண்ணீரில் விழுந்து எழுந்தார்கள், ஒரு கூட்டம் றபானை மேளம் தட்டிப் பாட்டுப் பாடியது. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. எனக்குச் சோற்றைப் போட்டுத் தந்தாள். நீங்க சாப்பிடலையாம்மா என்றதற்கு அதே பதில்தான், அப்பா வரட்டும். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலைப் பூவைச் சரி செய்துகொண்டாள். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது, இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

இரண்டரை மணிக்குச் சலீம் நானா மட்டும் செவ்விளநீர் இரண்டோடு வந்தார். "அந்தக் கடையில வெள்ளைத் துணி ஒரு முழம் இல்லாம முடிஞ்சு போயிருந்திச்சும்மா. நம்ம பொதிய எறக்கினதும் சனம் சேந்திட்டுது. நம்ம முதலாளியே நின்னு அளந்து கிழிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கார். நானும் ரெண்டு தரம் கூப்பிட்டுப் பாத்தேன்," என்றார். அவர் முகத்தில்தான் வெட்கம் இருந்தது.

அம்மா அவருக்குச் சாப்பாடு போட்டாள். அவர் கை கழுவப் போனபோது என்னைக் கிட்டே இழுத்து, காதோடு சொன்னாள். "நானாகூடப் போ. அப்பாகிட்ட, அம்மா இன்னும் சாப்பிடல, நீங்க வந்தாத்தான் சாப்பிடுவாங்களாம்னு சொல்லு. வேற ஒன்னும் சொல்ல வேணாம். இத மட்டும் சொல்லு, போதும்."

புருஷனுக்காகப் பசியோடு காத்திருக்கிறேன் என்பதை ஓர் அந்நிய ஆணிடம் சொல்லி அனுப்ப அவளுக்குக் கூச்சம், அதனால்தான் நான். அதைக் கேட்டிருந்தால் அப்பா கட்டாயம் வந்திருப்பார், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். யாரும் பசியோடு இருப்பதை அவரால் தாங்க முடியாது. கடையில் வேலை செய்கிறவர்கள் சாப்பிட்டாயிற்றா என்று கேட்காமல் ஒரு நாளும் அவர் இலையில் உட்கார்ந்ததில்லை. அம்மாவுக்கு அது தெரியும்.

கடை வாசலில் திருவிழாக் கூட்டம். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கஜக்கோலால் அளந்து, கத்தரியால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, 'டர்ர்' என்று ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டிருந்தார். முடியிலும் மீசையிலும் பஞ்சுத் தூசி. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வந்துட்டியா? இந்த மொனையப் புடி!" என்றார். பிடித்தேன். பதுளையில் பொம்பளைப் பிள்ளை என்று கடைக்குள் என்னை விட்டதே இல்லை. இங்கே ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அப்பா இழுக்க, துணி காற்றில் உப்பி விரிந்தது. "எம் மக கைராசிக்காரி!" என்று அந்தக் கடை முதலாளியிடம் சிங்களத்தில் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், நான் குழந்தைதானே. ஆனால் உண்மை அதுவல்ல. நடுவில் ஒருமுறை நன்றாகவே நினைவு வந்தது, வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அப்பா கஜக்கோலைக் கீழே வைத்துவிடுவார், இந்தச் சந்தோஷம் முடிந்துவிடும். இன்னும் ஒரு பொதிதானே, முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் திரும்பியபோது ஆறு மணியாகப் போகிறது. கரையில் கூட்டம் இல்லை. அம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் ஓரத்தில் குந்தி, தூக்குச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகாவலி ஆற்றில் என் அம்மா செய்தது அது ஒன்றுதான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார் அப்பா.

"ஆச்சுங்க."

அப்பா நானாவோடு பாயைச் சுருட்டப் போனார். அம்மா என்னைப் பார்த்தாள். "சொன்னியா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் தலையாட்டினேன். ஆமாம், சொன்னேன் என்று தலையாட்டினேன். "சரி," என்று மட்டும் சொல்லி, அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குப் பூரா இங்கதான், அசைய மாட்டேன்," என்றார் அப்பா. நிஜமாகத்தான் சொன்னார், பொதிதான் தீர்ந்துவிட்டதே. அம்மா கேட்கவில்லை. "வேணாங்க. வீட்டுக்குப் போவோம்." தங்குவதற்கு எடுத்த அறையின் கதவைக்கூடத் திறக்காமல் அன்றைக்கே புறப்பட்டோம். வண்டி சும்மா போகக் கூடாதே, அதனால் வழியில் நிறுத்தி, வேன் நிறையப் பூசணிக்காய் ஏற்றினார் அப்பா.

அதற்குப் பிறகு அம்மா எங்கேயும் போகலாம் என்று கேட்கவே இல்லை. அப்பாதான் கூப்பிடத் தொடங்கினார். வண்டியில் ஒரு கைக்குட்டைகூட ஏற்ற மாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லிக்கூடக் கூப்பிட்டார். "போதுங்க, பாத்தாச்சு," என்பாள். சண்டை கிடையாது, மூன்று வேளையும் பரிமாறுவாள், ஆனால் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓட்டிவிட்டு, ஒரு மார்கழியில் போய்ச் சேர்ந்தாள். நான் பட்டினி கிடப்பது தெரிந்தும் இந்த மனுஷன் வரவில்லை என்ற எண்ணத்தோடு போனாள். சொல்ல எனக்கு எத்தனை ஆயிரம் நாள் இருந்தது! சின்ன வயதில் அடிக்குப் பயந்தேன், பெரியவளானதும் அம்மா முகத்துக்குப் பயந்தேன்.

அப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். கடையை ஒருவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டேன். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் மத்தியானம், கஞ்சி கொடுக்கும்போது கேட்டார். "உங்கம்மாவுக்கு அந்த ஊரு ஏன் புடிக்காமப் போச்சு? நான் லேட்டாப் போனதுக்கா இவ்வளவு?" இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "அந்த ஊர் வெயில் அம்மாவுக்கு ஒத்துக்கலப்பா," என்றேன். "ஆமா, குளிர்ல பொறந்து வளந்தவ," என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். அவர் கொண்டுபோன பதில் அதுதான்.

போன வார இறுதியில் மஹியங்கனைக்குத் தனியாகப் போயிருந்தேன். ஆற்றைப் பார்க்க மாடி அறைகள் கட்டியிருக்கிறார்கள், எத்தனை பேர் என்று கேட்டார்கள், ஒருத்தி என்றேன். எங்கள் மருத மரம் எது என்று அடையாளம் தெரியவில்லை. கடைத்தெருவில் வெள்ளைத் துணி தைத்தே வருகிறது, பாலிதீன் பையில் தொங்குகிறது, யாரும் அளந்து கிழிப்பதில்லை. சலீம் நானாவும் காலமாகிவிட்டார் என்று கேள்வி. இரண்டு நாளும் கரையில் உட்கார்ந்து, முதலில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது, பிறகு அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், வார்த்தை தடுமாறாமல் வந்தது. கேட்க வேண்டிய இரண்டு பேரும் இல்லை. அதனால்தான் முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.