ஐயாவு ஆசாரியும் சூடம் அணைக்காதவனும்

ஐயாவு ஆசாரி சந்தேகப்படாதவர்கள் எங்கள் தோட்டத்தில் இரண்டே பேர்தான். ஒருத்தி மாரியம்மன். இன்னொருவன் அவருடைய மனைவியின் தம்பி பத்துமலை. மற்ற எல்லாரும் அவர் கண்ணுக்குத் திருடர்கள், நான் உட்பட.

நான் அந்தத் தோட்டத்து மாட்டுவண்டிக்காரன். காய்ந்த ரப்பர் ஷீட்டை ஈப்போ பட்டணத்துக்கு ஏற்றிப் போய், திரும்பும்போது அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுவருவேன். ஒரு தடவை ஆசாரிக்கு ஆணி வாங்கி வந்து கொடுத்தேன். வண்டியை அவிழ்க்கக்கூட விடாமல் ஒவ்வோர் ஆணியாக எண்ணினார். அப்புறம் வண்டிப் பலகையைத் தட்டிப் பார்த்து, "வழியில ஏதும் விழுந்திருக்குமோ சன்னாசி?" என்றார். வாய் அப்படிக் கேட்டது. வழியில் விற்றாயா என்று கண் கேட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் எல்லாரிடமும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

குனோங் ராபாட் சுண்ணாம்பு மலைகளுக்கு அந்தப் பக்கம் எங்கள் தோட்டம். ஆசாரிக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் கதவு, ஷீட் உலர்த்தும் சட்டம், துரை பங்களா நாற்காலி, யாராவது செத்தால் பெட்டி, எல்லாம் அவர் கைவேலைதான். நொட்டாங்கைக்காரர், எல்லாம் இடது கைதான். கடையில் விற்கும் கருவி எதுவும் அவர் கைக்கு ஒத்துவராது. இரும்பை மட்டும் வாங்கி, பிடிகளைத் தானே செதுக்கி மாட்டிக்கொள்வார். அந்தக் கருவிப்பெட்டிக்கு இரண்டு பூட்டு. சாவி அரைஞாணில். தூங்கும்போது பெட்டி தலைமாட்டில். மனைவி நல்லம்மாள்கூட அதன்மேல் விளக்கு வைக்கக் கூடாது.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அந்தப் பெட்டி திறந்து கிடக்கும். ஆயுத பூஜை அன்று பால் வெட்டும் கத்தி, மண்வெட்டி, என் வண்டிச் சாட்டை எல்லாவற்றையும் மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் வைப்போம். ஆசாரியும் தன் கருவிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அம்மன் காலடியில் பரப்பி, மேலே ஒரு மஞ்சள் வேட்டியைப் போர்த்துவார். மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. தொட்டால் அந்த வருஷம் தொழில் விளங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலைப் பூஜை முடிந்து ஆசாரி வேட்டியை எடுத்தார். உள்ளே ஏழெட்டு ரப்பர் விறகு இருந்தது.

முதல் நாள் மதியம் பூஜை ஆனபோது கருவி இருந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் யாரோ எடுத்துக்கொண்டு, விறகை அடுக்கி, பழையபடி போர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் தொட மாட்டார்கள் என்று தெரிந்தவன் செய்த வேலை. சாயந்தரம் பூசாரி சாம்பிராணி போட்டு, மணி அடித்து, தீபாராதனை காட்டியது அத்தனையும் விறகுக்கு. நாங்களும் அந்த விறகைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டோம்.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆசாரி தரையில் உட்கார்ந்து அந்த விறகுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மதியத்துக்கும் சாயந்தரத்துக்கும் நடுவில் கோயிலுக்குள் போய் வந்தவர்கள் ஏழு பேர். நானும் அதில் ஒருவன். சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்றார் ஆசாரி. கங்காணியும் சரியென்றார். எங்கள் வழக்கம் அது. அம்மன் முன்னால் வெற்றிலையில் சூடத்தைக் கொளுத்தி வைப்பார்கள். "நான் எடுக்கவில்லை" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொன்னவன் குடும்பம் அணைந்துபோகும் என்று நம்பிக்கை.

முதலில் முன்னால் வந்தவன் பத்துமலை. "என் மச்சான் சாமான். நான்தான் மொதல்ல செய்யணும்" என்று சத்தமாகச் சொல்லி, உள்ளங்கையை நெருப்பின்மேல் வைத்து நன்றாக அழுத்தினான். சூடத்தை அணைக்கத் தெரிந்தவன் தட்டின வேகத்தில் கையை எடுத்துவிடுவான். இவன் எடுக்கவில்லை. கை வெந்துவிட்டது. "எவ்வளவு பக்தி பாரு" என்று பொம்பளைகள் உச்சுக்கொட்டினார்கள். நானும் தட்டினேன். ஆறு பேர் தட்டினோம்.

ஏழாவது பிச்சைமுத்து. ஆசாரி வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். ஆசாரி பெரிய மரம் அறுக்கும்போது ரம்பத்தின் மறுமுனையைப் பிடிப்பவன் அவன்தான். அதிர்ந்து பேச மாட்டான்.

"நான் எடுக்கலண்ணே. ஆனா சூடம் அணைக்க மாட்டேன்" என்றான்.

"ஏன்?"

"அணைக்க மாட்டேண்ணே."

கங்காணி அதட்டினார். பூசாரி எடுத்துச் சொன்னார். அவன் தலையைக் குனிந்தபடி நின்றான். கூட்டத்தில் நின்ற அவன் மனைவி இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான். திருடன் யார் என்று தோட்டம் முடிவு செய்துவிட்டது. மாதம் முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் வேறு தோட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார். திருடன் என்ற பேரோடு போகிறவனை எந்தத் தோட்டத்தில் சேர்ப்பார்கள்?

அன்றிலிருந்து இருளாயி குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் வீட்டில் யாரும் நெருப்பு வாங்கவில்லை. ஈப்போவிலிருந்து உப்பு வாங்கிவரச் சொல்லி என்னிடம் கேட்டாள். மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆசாரிக்கோ அதுவும் போதவில்லை. ராத்திரி பலகைச் சுவரில் காதை வைத்துக் கேட்பதாக நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒருநாள் என் வண்டியடிக்கு வந்தார்.

"சன்னாசி, சாமான் அடகுக்கடைக்குத்தான் போயிருக்கும். அவனையும் கூட்டிக்கிட்டுப் போய்க் கடை கடையா மூஞ்சியக் காட்டினா, எவனாவது இவன்தான்னு சொல்லிடுவான்லா."

பத்துமலை அங்கேதான் நின்றான், வலது கையில் துணி சுற்றியிருந்தான். "அடகுக்கடையெல்லாம் எதுக்கு மச்சான்? அவன் இந்நேரம் ஆத்துல போட்டிருப்பான்" என்றான். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பிச்சைமுத்து வர மாட்டான் என்று நினைத்தேன். கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டான். "வாரேண்ணே. எந்தக் கடைன்னாலும் வாரேன்" என்றான். சூடத்துக்குப் பயந்தவன் இதற்கு ஏன் பயப்படவில்லை என்று வழியெல்லாம் எனக்குக் குடைச்சல். ஆசாரி வேறு விதமாக யோசித்தார். "வேற ஆள விட்டு அடகு வச்சிருப்பான். அதான் தைரியமா வாரான்" என்று என் காதில் சொன்னார்.

ஈப்போவில் முதல் இரண்டு கடையிலும் விரட்டிவிட்டார்கள். மூன்றாவது கடையில் ஆள் உயர மேடைக்கு மேல், கம்பிக்குப் பின்னால், கண்ணாடி போட்ட சீன முதலாளி, தௌக்கே, உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அடகுச் சீட்டு இருந்தால் சாமான், இல்லையென்றால் போ என்றார். நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது ஆசாரி நிமிர்ந்து உள்ளே பார்த்தார். சின்னச் சாமானெல்லாம் பொட்டலமாகிப் பரணுக்குப் போயிருந்தது. பொட்டலத்துக்குள் அடங்காத ஒரு ரம்பம் மட்டும் சாக்குச் சுருளிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பிடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. எடுத்தவனுக்கு அதைத் துடைக்க மட்டும் துணிச்சல் வரவில்லை.

"என் ரம்பம்டா!" என்று ஆசாரி கம்பியைப் பிடித்து உலுக்கினார். தௌக்கே பயந்து எழுந்துவிட்டார்.

நான் ஆசாரியை அடக்கினேன். அந்தச் சாக்கில் ஓர் இழைப்புளியும் இருக்கும், அதன் பிடியில் பெருவிரல் பதியும் பள்ளம் வலது பக்கம் இருக்கும், எடுத்துப் பாருங்கள் என்று தௌக்கேயிடம் சொன்னேன். அவர் வேண்டாவெறுப்பாகச் சாக்கை அவிழ்த்தார். இழைப்புளியை வலது கையில் பிடித்தார், விரல் பொருந்தவில்லை. இடது கைக்கு மாற்றினார். பெருவிரல் போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது. ஆசாரி தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். தௌக்கே முதல் தடவையாகச் சிரித்தார். மாத்தாமாத்தாவை, அதாவது போலீஸ்காரரை, கூட்டி வா, அவர் முன்னால் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

ஆசாரிக்குச் சாமான் கிடைத்தது போதாது. பிச்சைமுத்துவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவந்தானே? கேளு சன்னாசி, இவந்தானே கொண்டாந்தான்?"

தௌக்கே கண்ணாடியை இறக்கி நன்றாகப் பார்த்தார். "புக்கான்" என்றார். இவன் இல்லை. வந்தவன் இவனைவிட இளையவன், வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தான், பணத்தை இடது கையால் வாங்கினான். பணத்தை இடது கையில் வாங்குகிறானே என்று தனக்குப் பிடிக்கவில்லை, அதனால் ஞாபகம் இருக்கிறது என்றார்.

நான் மலாயில் கேட்டதை ஆசாரிக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன். பிறகு அவர் பிச்சைமுத்துவின் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டார். "போலாமாண்ணே?" என்று பிச்சைமுத்து என்னைத்தான் கேட்டான்.

போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் திரும்புவதற்குள் பத்துமலை தன் துணிப்பெட்டியோடு கிளம்பிவிட்டான். பாகான் செராய்ப் பக்கம் வயல் வேலைக்குப் போய்விட்டதாகப் பின்னால் தெரிந்தது. சூதாட்டத்தில் தோற்ற பணத்துக்காகச் செய்தானாம். போலீசுக்குப் பேர் கொடுத்தது நீர்தானே என்று நல்லம்மாள் ஆசாரியிடம் பேசுவதை நிறுத்தினாள். கங்காணி பிச்சைமுத்துவைக் கூப்பிட்டு, நீ இங்கேயே இரு என்றார். அவன் இருக்கவில்லை. மாதம் முடிந்ததும் இருளாயியைக் கூட்டிக்கொண்டு சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டான்.

ஆசாரிக்கு வேலை ஓடவில்லை. கருவியெல்லாம் கையில் இருந்தும் வெட்டின கதவு நிலைக்குப் பொருந்தாமல் போனது. தை பிறந்ததும், "கூட வாடா, தனியாப் போக மூஞ்சி இல்ல" என்று என்னை அழைத்தார். ரயிலேறிப் போனோம். அவர் மடியில் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே பாசிப்பயற்று மாவுருண்டை.

இருளாயி வாசலில் நின்றாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஐந்து மாத வயிறு.

பிச்சைமுத்து பலகை எடுத்துப் போட்டான், காப்பி கொடுத்தான், மரியாதைக்குக் குறைவில்லை. ஆசாரிதான் குடிக்காமல் குவளையைக் கையிலேயே வைத்திருந்தார். "இதுக்காகவா அன்னைக்கி அணைக்கல?" என்றார்.

"ரெண்டு புள்ள தங்கலண்ணே. இது தங்கற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நேந்துக்கிட்டா. பொண்டாட்டி மாசமா இருக்கறப்ப புருசன் சூடம் அணைக்கலாமா? அணைஞ்சது புள்ளயாப் போயிட்டா?"

"எங்கிட்ட மட்டுமாவது காதோட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

ஆசாரி குவளையைக் கீழே வைத்தார். நம்பியிருக்க மாட்டார். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அவர் எழுந்து அவன் கையைப் பிடித்து, "தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடு" என்றார். நான் அவர் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டது அன்று ஒரு நாள்தான். பிச்சைமுத்து தலையை மட்டும் ஆட்டினான். டப்பாவை இருளாயியிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் கொட்டி, டப்பாவைக் கழுவிக் கொடுத்தாள்.

விடைபெற்றுக்கொண்டு லயத்தின் கோடிவரை வந்தோம். என் வெற்றிலைப் பையை விட்டுவிட்டு வந்தது அங்கேதான் ஞாபகம் வந்தது. இருவரும் கொல்லை வழியாகத் திரும்பினோம். இருளாயி வேலியோரம் குனிந்து மண்வெட்டியால் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரத்திலிருந்த உருண்டைகளைக் குழியில் கொட்டினாள். கோழிகள் ஓடிவந்தன. அவற்றை விரட்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடினாள். தன் கோழிக்குக்கூட அதைக் கொடுக்க அவளுக்குப் பயம். கருவைக் கலைக்க அதில் ஏதாவது வைத்திருப்போம் என்று நினைத்திருக்கிறாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சத்தம் போட வாயைத் திறந்தேன். ஆசாரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"விடுடா. நானா இருந்தா வாசல்லயே திருப்பிக் குடுத்திருப்பேன். அவ கழுவிக் குடுத்து அனுப்பினா."

ரயிலடியில் கூட்டம் இருந்தது. ஆசாரி காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். யார் பார்த்தாலும் கவலைப்படாமல் அழுதார். வண்டி வரும் சத்தம் கேட்டபோதுதான் முகத்தைத் துடைத்தார்.

"நல்லம்மா செஞ்சு தர மாட்டேன்னுட்டா, சன்னாசி. நான்தான்டா வறுத்து, திரிச்சு, உக்காந்து உருட்டினேன்."