மைதா மாவில் கட்டிய மலை

பிள்ளைகளா, வீட்டில் பொம்மை ரயிலுக்குப் பாதை போட ஆசைப்படுகிறவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். பலகையை எப்படி அறுப்பது, தண்டவாளத்தை எப்படிப் பூட்டுவது, ஒயரை எங்கே கொடுப்பது என்பதெல்லாம் செல்போனில் வீடியோவாகவே கிடைக்கிறது. வீடியோவில் கிடைக்காதது ஒன்று உண்டு. அது நாற்றம். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கிறேன். பத்தாவது வரை படித்தவன். என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுடைய மாமா, அதாவது என் மனைவியின் அண்ணன், ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் இருக்கிறார். அங்கே போகும்போதெல்லாம் ரயிலில்தான் போக வேண்டும் என்று மகள் அடம்பிடிப்பாள். ஏறி ஜன்னலோர இடம் பிடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

என் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு சின்ன எஞ்சினும், சில பெட்டிகளும், தண்டவாளமும் கொண்டுவந்து கொடுத்தான். கரண்டில் ஓடுகிற ரயில். அன்றைக்கே மகள் சொல்லிவிட்டாள், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பாதை போட வேண்டும், இறங்கச் சொல்ல யாரும் இருக்கக் கூடாது, அவளுக்குப் போதும் என்று தோன்றும்வரை ஓட வேண்டும் என்று. அவள் என்னிடம் பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை. இதைக் கேட்டாள்.

காலாண்டு லீவில் வேலையைத் தொடங்கினோம். முன்னறையில் இரும்புக் கால் வைத்து பிளைவுட் பலகை போட்டேன். சாக்பீஸால் பாதை வரைந்தோம். ஒரு மூலையில் எங்கள் ஊர் ஸ்டேஷன், எதிர் மூலையில் மாமா ஊர். அவர் ஊருக்குக் கோபுரம் இல்லாமல் எப்படி என்று மகள் சார்ட் அட்டையில் கோபுரம் செய்தாள். நாங்கள் கோவிலுக்குப் போகிற வீடு அல்ல, சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் அடுக்கடுக்காக வெட்டி, பொறுமையாக ஒட்டினாள். இடையில் வயல் வேண்டும் என்று சோழபுரத்தையும் கொண்டுவந்தேன். அது வேறு திசையில் இருக்கிற ஊர். அதைப் பற்றி நாங்கள் இருவரும் கவலைப்படவில்லை.

மலையும் குகையும் கட்டுவதில்தான் எல்லாம் கெட்டது. வீடியோவில் தெர்மோகோலை வெட்டி அடுக்கி, அதன்மேல் வெள்ளைச் சாந்து பூசி மலை செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் குடில் என்றால் நான்தான். குச்சி நட்டு, வைக்கோல் திணித்து, காக்கித் தாளை மைதாப் பசையில் முக்கிக் கசக்கிப் போர்த்திப் பெயிண்ட் அடித்தால் மலை. ஈரப் பஞ்சில் கேழ்வரகு விதைத்துத் தண்ணீர் தெளித்தால் பச்சை வயல். வருஷா வருஷம் செய்கிற வேலை, எனக்கு எவன் சொல்லித் தர வேண்டும்? வைக்கோலோடு மில்லிலிருந்து கழிவுப் பஞ்சும் கொண்டுவந்து திணித்தேன். பூச்சி வராமல் பசையில் துத்தம் கலப்பது வழக்கம். பிள்ளை கை வைக்கிற இடத்தில் விஷம் வேண்டாம் என்று மனைவி சொன்னதால் அதையும் விட்டுவிட்டேன்.

குடில் மலையை டிசம்பரில் கட்டுவோம். ஜனவரி முதல் வாரத்தில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பிரித்துக் குப்பையில் போடுவோம். இதுதான் நான் யோசிக்காதது. அதற்குமேல் வைத்திருந்தால் அது என்ன ஆகும் என்று எங்களில் யாரும் பார்த்ததே கிடையாது.

ஐப்பசி மழை பிடித்தது. முதலில் புளித்த வாடை. மனைவி இட்லி மாவைத் திறந்து பார்த்தாள், மாவு நன்றாகவே இருந்தது. பிறகு ஈரச் சாக்ஸ் வாடை. என் மில் சட்டையை வாளியில் போட்டு ஊற வைத்தாள். அதற்கும் பிறகு, செத்த எலி வாடை. வாசல் சாக்கடையைக் குச்சி விட்டுக் கிண்டினேன். பீரோவை நகர்த்திப் பார்த்தேன். சாம்பிராணி போட்டோம். சாம்பிராணியும் அந்த நாற்றமும் கலந்து வந்தபோது, முன்பே தேவலை என்று இருந்தது. இதற்கு நடுவில் மகள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோழபுரத்து வயலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மலையைத் தொட்டால், பழுத்த புண்ணை அமுக்குவதுபோல் அமுங்கியது. பெயிண்ட் காயவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். மாமாதான் கொடி காட்ட வேண்டும் என்று மகள் சொல்லி வைத்திருந்ததால், சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி அவர் வந்துவிட்டார். பால்கோவா டப்பாவைத் திறந்து எங்கள் முன்னால் வைத்தவர் மூக்கைச் சுளித்தார். டப்பாவை எடுத்து முகர்ந்தார்.

"என்ன இது, இன்னைக்குக் காலைல கிண்டுனதுன்னு கடைக்காரன் சொன்னானே. அதுக்குள்ளயா கெட்டுப்போச்சு?"

பால்கோவா கெடவில்லை. மனைவி டப்பாவை மூடி உள்ளே கொண்டுபோனாள். அவர் என் மலையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன மாப்ளே, ரயில் பாதைன்னு சொல்லிட்டுக் குடில் கட்டி வச்சிருக்கீக? மாட்டையும் கழுதையையும் எங்க காணோம்?"

அதற்கு மகள் ஒருத்திதான் சிரித்தாள். அவர் கைக்குட்டையை ஆட்டியதும் ரயிலைக் கிளப்பினாள். எஞ்சின் எங்கள் ஊரை விட்டு அழகாகக் கிளம்பியது. வயலைத் தாண்டிக் குகைக்குள் போனது. வெளியே வரவில்லை. உள்ளே எஞ்சின் முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது, பிறகு கருகல் வாடை. நான் சுவிட்சை அணைத்தேன்.

"நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல எங்க மாப்ளே குகை இருக்கு? நான் பொறந்ததுலருந்து போயிட்டு வந்துட்டு இருக்கேன், ஒண்ணையும் காணலயே" என்றார் மாமா.

குகைக்குள் கையை விட்டேன். எஞ்சின் விரலில் தட்டுப்படுமுன் வேறொன்று தட்டுப்பட்டது. கொழகொழவென்று, வெதுவெதுப்பாக, கொஞ்சம் நெளிகிறது. கையை உருவியபோது மலையின் ஒரு பக்கமே கையோடு வந்துவிட்டது, பாலில் ஆடை கழன்று வருவதுபோல. உள்ளே வைக்கோல் கறுத்துச் சளியாகியிருந்தது. என் கழிவுப் பஞ்சில் எலி மெத்தை போட்டுக் குட்டி போட்டிருந்தது. ரோமம் முளைக்காத குட்டிகள். அவற்றில் சில செத்துப்போய், செத்தவற்றின்மேல் புழு மொய்த்துக்கிடந்தது. கரப்பான் பூச்சிகள் வெளிச்சம் பட்டதும் நாலாபக்கமும் ஓடின. ஒன்று மகள் செய்த கோபுரத்தின்மேல் ஏறி நின்றது. கோபுரத்தின் பின்பக்கத்தை அவை பாதிக்குமேல் தின்றிருந்தன. முன்பக்கம் நன்றாக இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

மாமா கொல்லைப்பக்கம் போய்க் குழாயடியில் ஓங்கரித்தார். மனைவி சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அம்புட்டையும் தூக்கி வெளிய போடுங்க. பலகையோட."

"ரயிலையுமாம்மா?" என்றாள் மகள்.

"ரயிலையுந்தான். எலி பெத்த எடத்துல கெடந்தத வீட்டுக்குள்ள வச்சு என்ன செய்ய?"

மகள் அழவில்லை. சுவர் ஓரமாகப் போய் நின்று, தன் இரண்டு கைகளையும் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பசை பிசைந்ததும் தண்ணீர் தெளித்ததும் அந்தக் கைகள்தானே.

நானும் மாமாவும் பலகையைக் கொல்லைக்குத் தூக்கினோம். மலையைச் சாந்துக் கரண்டியால் சுரண்டினேன். ஒவ்வொரு சுரண்டலுக்கும் ஒரு புது நாற்றம் கிளம்பியது. வயலைப் பிய்த்தபோது, கேழ்வரகு வேர்கள் பஞ்சைத் துளைத்து பிளைவுட்டுக்குள்ளேயே இறங்கியிருந்தன. சோப்பு, பினாயில், மண்ணெண்ணெய் என்று எல்லாம் போட்டுக் கழுவினேன். சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை, கையிலிருந்து அந்த நாற்றம் வந்தது. ஸ்பூன் கேட்டு வாங்கினேன். மாமா சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

சுரண்டியதை எல்லாம் குப்பையில் போட்டேன், பலகையையும் தண்டவாளத்தையும் ரயிலையும் போடவில்லை. எஞ்சினின் திருகைக் கழற்றிப் பார்த்தால், பல்சக்கரத்தில் பசையும் எலி முடியும் சுற்றிக் கிடந்தன. மில்லில் எத்தனையோ இயந்திரத்தில் பஞ்சடைப்பு எடுத்தவன் நான். இதை எடுக்கும்போது இரண்டு தடவை வெளியே ஓடினேன்.

மறுநாள் மகள் அம்மாவிடம் போய்ப் பேசினாள். மலை வேண்டாம், வயல் வேண்டாம், கோபுரமும் வேண்டாம், வெறும் பலகையில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்றாள். மனைவி அரிசியைக் களைந்து முடித்தாள்.

"மொட்டமாடில வெயில்ல போடு. நான் மோந்து பாப்பேன். வாடை போனாத்தான் உள்ள வரும்" என்றாள்.

மழை நாளில் வெயிலுக்கு எங்கே போக? வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மகள் பலகையின் தார்ப்பாயை விலக்குவாள், தூறினால் ஓடிப்போய் மூடுவாள். சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவாள். மனைவி குனிந்து முகர்ந்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு இறங்கி வருவாள். ஒவ்வொரு நாளும் மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் இறங்குவாள்.

கார்த்திகை பிறந்து வெயில் நின்று அடித்த ஒரு வாரத்துக்குப் பிறகு, பலகை உள்ளே வந்தது. எஞ்சினையும் மனைவி கையில் வாங்கி முகர்ந்தாள். முகம் கோணியது.

"இதுல இன்னும் இருக்கு."

"ஓடுனா காத்துல போயிரும்மா" என்றாள் மகள்.

மனைவி எஞ்சினை அவள் கையில் கொடுத்தாள். "சரி, ஓட்டு. சன்னல் ரெண்டையும் தெறந்து வச்சு ஓட்டு."

ஓடியது. கறை படிந்த வெறும் பலகையில், சாக்பீஸில் எழுதிய ராஜபாளையத்திலிருந்து சாக்பீஸில் எழுதிய ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது, நிற்காமல் திரும்பி வந்தது, மறுபடி போனது. மோட்டார் சூடேறச் சூடேற அந்த வாடை லேசாகக் கிளம்பியது. என் பக்கம் வரும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மகள் பலகையின் விளிம்பில் நாடியை வைத்து, தண்டவாளத்துக்கு வெகு கிட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்கைப் பொத்தவே இல்லை.