ஸ்டெல்லா வீட்டு அதிரசம்

எங்கள் அபிராமபுரம் குடியிருப்பின் தீபாவளி விருந்தில் ஒரு பெண்ணைப் பலகாரம் செய்ய விடாமல் தடுத்தவன் நான். எந்த வீடு எதைச் செய்வது என்று பிரித்துக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. பட்டினப்பாக்கத்திலிருந்து புதிதாகக் குடிவந்த ஸ்டெல்லா ஆசையாகக் கேட்டாள்.

"நான் அதிரசம் சுட்டுக்கினு வரவா சார்? எங்கம்மா சொல்லிக்குடுத்த பக்குவம்."

மீன் பொரிக்கும் வீட்டுப் பலகாரத்தை மற்றவர்கள் தொடமாட்டார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அருவருத்தது நான்தான்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? பேப்பர் தட்டு மட்டும் வாங்கிண்டு வந்துடு" என்றேன்.

விருந்தன்று அந்தத் தட்டுகளை அவளே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். தனக்கென்று ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பார்த்ததும் என் தட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறு வருடம் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதிரசம் நீதான் கொண்டுவர வேண்டும் என்றேன்.

"அத்த வுடுங்க சார், கொண்டாறேன்" என்று சிரித்தாள்.

சொன்னபடியே கொண்டுவந்தாள். மேலே ஒட்டிய டேப்கூடப் பிரிக்காத இனிப்புக்கடைப் பெட்டி அது.

"கடையில வாங்குனதுதான் சார், பயப்படாம சாப்புடுங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.