இல்லாத நடிகருக்குப் பிறந்தநாள் கேக்

மாவும் முட்டையும் ஒருநாளும் என்னைக் குழப்பியதில்லை, பிறந்தநாள்காரர்தான் குழப்புவார். பரந்தனில் வீட்டுக் குசினியிலேயே கேக் அடித்துக் கொடுக்கிறவள் நான். குழந்தைப்பிள்ளைகளுக்கும் கலியாண வீடுகளுக்கும் அடித்துக்கொண்டிருந்தவளிடம் கொஞ்சக் காலமாகப் பழைய சினிமா ரசிகர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். நடிகர், நடிகை, இயக்குநர், எல்லாருக்கும் கேக் வேண்டும். கேக்குக்கு உரியவர் மட்டும் வரமாட்டார். இந்தத் தொழிலில் இருக்கிற நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

எந்த வயது?

முள்ளியவளையில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருக்கும் ஓர் ஐயா டெலிபோனில் கேக் சொன்னார். பிறந்தநாள்காரருக்கு என்ன வயது என்று கேட்டேன். "நூறு தாண்டிட்டுது பிள்ளை" என்றார். எனக்கு மனம் இளகிவிட்டது. "அப்ப சீனியைக் குறைச்சு, மெதுவா அடிச்சுத் தாறன் ஐயா. பல்லிருக்கோ அவருக்கு?" என்றேன். பிறகுதான் சொன்னார், அது கறுப்பு வெள்ளைப் படத்துக் கதாநாயகனாம், காலமாகி எவ்வளவோ காலமாம்.

இப்போது எனக்குப் புதுக் குழப்பம். இருந்திருந்தால் வரும் வயதை எழுதுவதா, போகும்போது இருந்த வயதை எழுதுவதா? இரண்டையும் சொல்லிக் கேட்டேன். ஐயா நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் வேண்டாம். குதிரையில வாற படத்தில அவருக்கு என்ன வயசோ, அதைப் போடுங்கோ."

கத்தி வைக்க ஆளில்லை

முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் குடும்பத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய நடிகையின் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். சாப்பிடக்கூடிய தாளில் அவாவின் முகத்தை அச்சடித்து, கேக்கின் மேல் ஒட்டி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல வடிவாக வந்திருந்தது. அதுதான் பிழையாய்ப் போயிற்று. அந்த முகத்தில் கத்தி வைக்க ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. சுற்றிவர வெட்டினார்கள். நடுவில் முகம் மட்டும் மிஞ்சியது. கடற்கரை வெயிலில் ஐசிங் இளகி, ஒரு கண் கன்னத்துக்கு இறங்கத் தொடங்கியது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செய்தவள் நான் என்றால் வெட்டவேண்டியவளும் நானா? எனக்கும் கை கூசியது. கடைசியில் அவர்களில் மூத்தவாவான பிலோமினா அக்கா கத்தியை வாங்கி, நெற்றியிலிருந்து நேரே இறக்கினா. "ஞாயிற்றுக்கிழமைப் பூசையில ஆண்டவரையே அப்பமா நாக்கில வாங்கிறம், இவாவுக்கு என்னடி பயம்?"

மாறிப்போன முகம்

பூவரசங்குளத்தில் வேலு அண்ணன் கச்சான் கடலை பயிர் செய்கிறவர். தகப்பன் காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவருக்கு நடிகர்கள் முக்கியமில்லை, ஒரு பழைய இயக்குநருக்குத்தான் கேக். அவரிடம் இயக்குநரின் போட்டோவும் இல்லை. நான் போனில் தேடி, கண்ணாடி போட்ட, கடுமையான ஒரு முகத்தைக் கண்டுபிடித்து ஒட்டினேன்.

கேக் வெட்டும் நேரம் வந்திருந்த ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, இது அந்த இயக்குநரின் படங்களில் வில்லனாக வருகிறவர் அல்லவா என்றார். "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, வேற அடிச்சுத் தாறன்" என்றேன். வேலு அண்ணன் அமைதியாகக் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டே சொன்னார்: "விடும்மா, டைரக்டரு என்னைக்கு மூஞ்சியக் காட்டினாரு? இந்தாளுக்கும் அவருதானே சோறு போட்டாரு."

யாருடைய பெயர்?

கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருக்கிற ஓர் அக்கா ஒவ்வொரு வருடமும் ஒரே நடிகரின் பிறந்தநாளுக்குச் சின்னக் கேக் ஒன்று எடுப்பா. பெரிய ரசிகை என்றுதான் நினைத்திருந்தேன். போன முறை நடிகரின் பெயரை எழுதிக்கொண்டே, அவருடைய எந்தப் படம் விருப்பம் என்று கேட்டேன். "நான் ஒண்டும் பாத்ததில்லை" என்றா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா கதிரையில் உட்கார்ந்து மெல்லச் சொன்னா. அந்த நடிகர் பிறந்த அதே நாள்தான் அவாவின் கணவரும் பிறந்தவராம். அதைச் சொல்லிச் சொல்லியே அவரைப்போலவே தலைமயிரை வாரி இழுத்துக்கொண்டு திரிவாராம். யுத்தம் முடிந்த நாட்களில் காணாமல் போனவர், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. "அப்ப அண்ணையின்ர பேரை எழுதட்டோ அக்கா?" என்று கேட்டேன். அவா இல்லையென்று தலையை ஆட்டினா.

"வேண்டாம் பிள்ளை. நடிகருக்கு வெட்டினா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். இவருக்கு வெட்டினா, ஆள் இருக்கிறாரோ எண்டு கேப்பினம், நான் என்னத்தைச் சொல்லுறது?"

இப்போதெல்லாம் கேக் சொல்ல வருகிறவர்களிடம் பிறந்தநாள் யாருக்கு என்று நான் கேட்பதில்லை, எத்தனை கிலோ என்று மட்டும்தான் கேட்கிறேன்.