மூன்று மரம் சேர்த்த கட்டில்

அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நினைவு மலர் என்றால் போனவரின் துணிவைப் பாராட்டித்தான் எழுதுவார்கள் என்று தம்பி சொன்னான். எனக்குப் பொய் எழுத வரவில்லை. எங்கள் அப்பா பயந்த சுபாவம் உடையவர். அவர் நடுங்கிக்கொண்டே செய்த ஒரு காரியத்தால்தான் நான் உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். ஏரும் வண்டிச் சக்கரமும் செய்த குடும்பம். பெற்றவர்கள் இருவரையும் ஒரே வாரத்தில் காலரா கொண்டுபோயிற்று. பதினெட்டு வயதில் மதுரைக்கு வந்து, நாற்காலி மேசை செய்யும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அறுத்து மிஞ்சிய தேக்கு, ஈட்டி, பலா மரத் துண்டுகளையெல்லாம் அடுப்புக்குத்தான் போடுவார்கள். அப்பா அவற்றைப் பொறுக்கி ஒன்றோடொன்று சேர்த்துவைத்துப் பார்ப்பாராம். அப்படிச் செய்த சிறு பெட்டிகள் கைமாறிக் கைமாறிப் பெயர் வாங்கிக் கொடுத்தன. கல்யாணமான வருடம் செல்லூரில் சொந்தப் பட்டறை போட்டார்.

பலா அறுத்த புதிதில் மஞ்சள் கிழங்கு போல் பளீரென்று இருக்கும். நாலு வருடம் போனால் பழுத்துத் தேக்கின் நிறத்துக்கு வந்து, எது எதுவென்று தெரியாமல் போய்விடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்த ஈட்டியை ஓடவிடுவார். அழகு நிற்கும். ஆனால் மூன்று மரமும் மழைக்கும் வெயிலுக்கும் மூன்று மாதிரி உப்பும், சுருங்கும். அது அவருடைய தீராத கவலை. சட்டத்தில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, அதற்குள் பலகையை ஒட்டாமல், அசைவதற்கு இடம் விட்டே செருகுவார். அப்படியும் நிம்மதி கிடையாது. கோடை வந்தால், தாம் செய்து கொடுத்த வீடுகளுக்கு நலம் விசாரிக்கப் போவது போல் போய், பேசிக்கொண்டே இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வருவார்.

திருப்பரங்குன்றத்து ஜவுளி வியாபாரி ஒருவர் மகளுக்குச் சீர் வைக்கக் கட்டில் கேட்டார். அப்பா தேக்கில் சட்டமும் கால்களும் செய்து, தலைமாட்டில் பலாப் பலகை வைத்து, அதைச் சுற்றி ஈட்டியை ஓட்டினார். "என் கடைப் பட்டு மாதிரியே கரை போட்டிருக்கீரே ஆசாரி" என்று வியாபாரி கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாராம்.

அடுத்த ஆண்டு, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை அன்றே இறந்தது. மறுபடி அவர் உண்டாகி, ஐந்தாம் மாதம் கடும் காய்ச்சலில் படுத்தார். அவருடைய மாமியார் கட்டிலை வண்டியேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். வண்டிக்காரர் எங்கள் வாசலில் நின்று, சொல்லிவிட்டதை அப்படியே ஒப்பித்தார்.

"படுக்கிற கட்டில்ல மரத்தைக் கலக்கக் கூடாதாம். மூணு மரத்துக்கு மூணு உசுருன்னு அந்தம்மா சொல்லுது. ஒண்ணு போயிருச்சாம். இனி நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லச் சொன்னாக."

மிச்சம் இரண்டு உயிர். எங்கள் வீட்டில் அம்மா ஒன்று, அம்மாவின் வயிற்றில் எட்டு மாதமாய் நான் ஒன்று.

அப்பா கட்டிலை வீட்டுக்குள் விடவில்லை. பட்டறையில் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுச் சாக்கால் மூடினார். செய்தி எப்படியோ பரவி, அந்த மாதத்திலேயே ஒரு தொட்டிலும் ஒரு பெஞ்சும் திரும்பி வந்தன. அப்பா சோறு இறங்காமல் கிடந்தார். அம்மா இருமினால்கூட எழுந்து வந்து பார்ப்பாராம். கட்டிலைக் கொளுத்திவிடுவது என்று முடிவு செய்து, அவருக்கு மரம் கொடுக்கும் கோரிப்பாளையத்து ராவுத்தர் மாமாவிடம் சொன்னார்.

"கொளுத்திப்புட்டா ஊரு சொன்னது நெசமுன்னு நீயே ஒத்துக்கிட்டதா ஆயிரும் மாப்ள" என்றார் மாமா.

"ஒத்துக்கிட்டுப் போறேன் மாமா. எனக்கு அவ வேணும். மழை விடட்டும், கொளுத்திர்றேன்."

மழை விடவில்லை. ஐப்பசி அடைமழையில் ஐந்தாம் நாள் காலை வைகைத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு ஏறியபோது அம்மாவுக்கு வலி கண்டது. எங்களை மேட்டுக்கு அழைத்துப் போக வந்த ராவுத்தர் மாமாதான், தண்ணீரில் நடந்து போய் மருத்துவச்சியைக் கூட்டி வந்தார். அந்த அம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனிமே எங்கிட்டும் தூக்கிட்டுப் போக முடியாது. கட்டில் இருக்கா ஆசாரி?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் அப்பா.

"பட்டறையில இருக்கு" என்றார் அம்மா.

"அது வேணாம்."

"என்னங்க, தண்ணியில படுத்தா சாவு நிச்சயம். அதுல படுத்தா உங்க கையில படுத்த மாதிரி. தூக்கிட்டு வாங்க."

அப்பா அசையவில்லை. மாமா போய்ச் சாக்கை இழுத்துப் போட்டு, ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றார். கடைசியில் அப்பா மறுபக்கத்தைத் தூக்கினார்.

நடுப்பகலுக்குப் பிறகு தலைமாட்டுப் பலகை 'மொறுக்' என்று சத்தம் போட்டது. மருத்துவச்சி பயந்து கையை எடுத்துவிட்டார். அறைக்கு வெளியே நின்றிருந்த அப்பாவுக்கு, கட்டில் தன் கணக்கைக் கேட்கிறது என்றே தோன்றியதாம். யாரையும் கேளாமல் உள்ளே வந்து, தலைமாட்டில் மண்டியிட்டு, காடியில் விரலை வைத்துப் பார்த்தார். ஈரத்தில் பலா உப்பிச் சட்டத்துக்குள் நகர்ந்திருந்தது. இன்னும் நகர இடம் இருந்தது.

"பலகை உப்புதும்மா. அதுக்கு எடம் விட்டிருக்கேன்" என்றார். ஒவ்வொரு முறை சத்தம் வந்தபோதும் அதையே சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. கையை மட்டும் பலகையிலிருந்து எடுக்கவே இல்லை. "அந்தக் கை நடுங்கினது கட்டில் பூரா எனக்குத் தெரிஞ்சுச்சு" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

பொழுது சாயுமுன் நான் பிறந்தேன். அதன்பின் பதினொரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். அந்தப் பதினொரு நாளும் அப்பா உளியைத் தொடவில்லை. காய்ச்சல் விட்ட மறுநாளே திருப்பரங்குன்றத்துக்கு நடந்து போய், அந்தப் பெண் எப்படி இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வந்தார். மாசி வரை வாரம் ஒரு நடை போனார். மாசியில் அவருக்கு நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. கட்டில் வீட்டை விட்டுப் போனதால்தான் பிள்ளை தங்கியது என்று அங்கே பேசிக்கொண்டார்களாம்.

ராவுத்தர் மாமாவுக்குக் கோபம். "உன் மக அதுலதான் பொறந்தான்னு போய்ச் சொல்லு மாப்ள."

"வேணாம் மாமா. அந்தப் பிள்ளையும் நல்லா இருக்கு, நம்ம பிள்ளையும் நல்லா இருக்கு. யாரு சொன்னது சரின்னு இப்பக் கேக்கப் போனா ஏதாச்சும் ஆயிரும்."

அதற்குப் பிறகும் அப்பா மரம் கலந்து மேசை, அலமாரி, எழுத்துப்பெட்டி எல்லாம் செய்தார். உலகச் சண்டைக் காலத்தில் பர்மாத் தேக்கு வராமல் போனபோது, கிடைத்த மரங்களைச் சேர்த்து அழகாகச் செய்யத் தெரிந்தவர் என்று ஆட்கள் தேடி வந்தார்கள். பட்டறையில் வேலை நிற்கவே இல்லை. ஆனால் கட்டிலோ தொட்டிலோ கேட்டால் ஒரே மரத்தில்தான் செய்வார். தம்பியும் தங்கையும் அந்தக் கட்டிலில்தான் பிறந்தார்கள். இரண்டு முறையும் அவர் தலைமாட்டிலேயே நின்றார்.

மரத்தூள் நெஞ்சில் சேர்ந்து, கடைசி ஆண்டில் அப்பாவால் மல்லாந்து படுக்க முடியவில்லை. சாவதற்கு இரண்டு நாள் முன்பு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி அம்மாவிடம், "பயமா இருக்கு" என்றார். அம்மா அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். "எனக்கும்தான். ரெண்டு பேருமாப் பயப்படுவோம்" என்றார். அப்பா தலையசைத்தார்.

வெயிலென்று பாராமல் வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்த டாக்டர் ஐயாவுக்கும், முதுமையிலும் தினமும் நடந்து வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராவுத்தர் மாமாவுக்கும், அப்பா படுத்த பிறகு பட்டறையை நிற்காமல் நடத்திக் கொடுத்த சித்தப்பாவுக்கும், தோள் கொடுத்துச் சுமந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. விட்டுப்போன பெயர் உண்டா என்று அம்மாவிடம் கேட்டேன். "பயப்படாதேன்னு அவருக்குப் புத்தி சொல்லாம, கூட இருந்தவங்க எல்லாருக்கும் நன்றி சொல்லு" என்றார்.

அவர்கள் அனைவருக்கும் எங்கள் வணக்கம்.