உலகநாதன் பாஸ் செய்த கம்ப்ரசர்

ஆவடியில், ராணுவத்துக்கு உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில், உலகநாதன் இருபத்தாறு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். பிறர் செய்ததை அளந்து பார்த்து, மயிரிழை கூடினாலும் சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. கட்டிய சீட்டை அவர் அவிழ்த்ததாகச் சரித்திரம் இல்லை. கல்யாணப் பந்தியில் இட்லியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்றுகூடச் சொல்வார்கள். பார்த்தவர் யாரும் இல்லை, நம்பாதவரும் இல்லை.

சாயங்காலமானால் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அவர் தச்சராகிவிடுவார். 1991 பொங்கலுக்கு மனமகிழ் மன்றம் நடத்தும் கேரம் போட்டிக்குப் புது போர்டு செய்து தருவதாக வாக்குக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து எதிரில் நின்றவர் கஜபதி. லேத் ஓட்டுகிறவர், கேரமில் சாம்பியன், சிவப்புச் சீட்டு வாங்கியதிலும் சாம்பியன்.

"சார் செய்யற ஐட்டத்த யாராச்சும் பாஸ் பண்ணணும்ல? நான் பாக்கறேன் சார்" என்றார் கஜபதி.

"பாருய்யா. லென்ஸ் வச்சுப் பாரு."

சொல்லிவிட்டார். போர்டு அருமையாக வந்தது, வார்னிஷ்தான் படியவில்லை. கையால் பூசினால் பிரஷ்ஷின் தடம் விழுந்தது. காய் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு நடந்து போனது. காற்றால் பீய்ச்சி அடித்தால்தான் கண்ணாடி மாதிரி வரும். அதற்கு ஒரு கம்ப்ரசர் வேண்டும்.

பழைய கம்ப்ரசர் மூன்றைப் பார்த்தார். முதலாவது அம்பத்தூரில், எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறையில். காற்றை நிரப்பி, மோட்டாரை அணைத்து, எதிரே ஸ்டூல் போட்டு முக்கால் மணி நேரம் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஒரு நூல் இறங்கியது. "சும்மா நிக்கும்போதே மூச்சு வாங்குதே" என்று எழுந்துவிட்டார்.

இரண்டாவது, கரையான்சாவடி சைக்கிள் கடை துலுக்கானத்துடையது. சோப்பைத் தண்ணீரில் கரைத்துக் காற்றுத் தொட்டியின் வெல்டிங் மேல் தடவினார். ஒரே ஒரு குமிழி எட்டிப் பார்த்தது.

"பத்து வருசமா அந்த ஒரு குமிழிதான் சாரே வருது. கூட ஒண்ணு வந்ததில்ல" என்றார் துலுக்கானம்.

"ஒண்ணு வந்தாலே ரிஜெக்ட்."

மூன்றாவது குமணன்சாவடியில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று குதிரைச் சக்தி. முள் அசையவில்லை. குமிழி இல்லை. தொட்டிக்கு அடியிலிருந்த திருகைத் திறந்தார். துருத்தண்ணீர் ஒரு சொட்டுகூட வரவில்லை. பெல்ட்டை அமுக்கினார், வால்வை இழுத்தார், தரையில் படுத்து அதன் கால்களைப் பார்த்தார்.

"லாரிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர்கூட இம்மா நேரம் பாக்க மாட்டாரு நைனா" என்றார் பட்டறைக்காரர்.

உலகநாதன் தலையசைத்தார். பாஸ்!

போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில், பூந்தமல்லி சாலை வழியாக டெம்போவில் அது வந்து இறங்கியது. அவர் மனைவி வசந்தா வயரின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏங்க, இதுல நாலு கம்பி இருக்கு. நம்ம ப்ளக்குல மூணு ஓட்டைதானே?"

கம்ப்ரசருக்கு வேண்டியது த்ரீ ஃபேஸ் கரண்ட். குவார்ட்டர்ஸில் வருவது சிங்கிள் ஃபேஸ். தொழிற்சாலையில் பெரிய மெஷின் எல்லாம் த்ரீ ஃபேஸில்தான் ஓடும். சுவிட்சைப் போட்டால் மெஷின் ஓடும் என்று இருபத்தாறு வருடம் இருந்த மனிதருக்கு, கரண்ட்டையும் சோதிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் தள்ளிவிட்டு வந்த இரண்டும் வீட்டு ப்ளக்கில் சமர்த்தாக ஓடக்கூடியவை. அம்பத்தூரது விலை போயிருந்தது. துலுக்கானத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, குமிழியோடு சேர்த்து விற்றாகிவிட்டது என்று பதில் வந்தது.

வழி சொன்னவர், குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றும் கன்னியப்பன். பருத்திப்பட்டில் கிணறும் நிலமும் உள்ளவர்.

"இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறே? நம்ம பம்புசெட்டாண்ட த்ரீ ஃபேஸ் கீது, தூக்கிகினு வா சாரே. கத்திரிச்செடி ஒரு வேள தண்ணி குடிக்கலன்னா செத்தா பூடும்?"

"அது பயிருக்குக் குடுக்கற கரண்ட் ஆச்சே, கன்னியப்பா."

"போர்டு மரந்தானே? மரமும் பயிருதானே?"

இந்தத் தர்க்கத்தை மட்டும் உலகநாதன் அளந்து பார்க்காமல் ஏற்றுக்கொண்டார்.

பம்புசெட் கொட்டகையில் வைத்து மூன்று பூச்சு அடித்தார். கண்ணாடியேதான். முகம் பார்த்துத் தலை வாரலாம். மறுநாள் காய்ந்த பிறகு குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வார்னிஷுக்குள், இறக்கை கலையாமல், கிணற்றோரத்துக் கொசு ஒன்று படுத்திருந்தது. தேய்த்து மறுபடி அடிக்க நேரமில்லை. விடிந்தால் போட்டி.

மன்றத்தில் கஜபதி நண்பர்கள் புடைசூழக் காத்திருந்தார். உலகநாதன் போர்டை மேஜைமேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தார். யாரும் வாய் திறப்பதற்குள் போர்டின் சட்டத்தில் கட்டினார். காரணம் என்ற இடத்தில், 'கொசு, ஒன்று' என்று எழுதியிருந்தது.

கூட்டம் கொசுவைத் தேடிக் குனிந்தது.

"எங்க சார்?" என்று கேட்டார் கஜபதி.

"இடது பக்கம், கோட்டுக்கு ரெண்டு விரல் மேல."

கஜபதி அங்கே விரலை வைத்துத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தடவினார். ஸ்ட்ரைக்கரை வைத்துச் சுண்டினார். காய் கொசுவைத் தாண்டிப் போய்ப் பைக்குள் விழுந்தது.

"வெண்ணெய் மாரி போவுது மாமே!" என்று நண்பர்களிடம் திரும்பிச் சொல்லிவிட்டுச் சீட்டை அவிழ்த்தார். "நான் பாஸ் பண்றேன் சார்."

உலகநாதன் பின்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்த போர்டில் ஆடித்தான் கஜபதி கோப்பையை வாங்கினார். கம்ப்ரசர் பருத்திப்பட்டிலேயே நின்றுவிட்டது.

விடுமுறை முடிந்த முதல் நாள், கஜபதி கடைந்த 'புஷ்' என்கிற இரும்பு வளையம் பத்து இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனது. நாலு, சிவப்புச் சீட்டோடு திரும்பி வந்தது. கஜபதி நாலையும் அள்ளிக்கொண்டு ஓடினார்.

"இன்னா சார் இது? நான் உங்க கொசுவ பாஸ் பண்ணலியா?"

உலகநாதன் அளந்துகொண்டிருந்த புஷ்ஷிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுலதான் தெரிஞ்சுது, உன் வேல எப்படியிருக்கும்னு."